கமக்காரர் பட்டியல்களைத் தரவுத்தளத்திற் சேர்க்கும்போது நேரும் பிழைகளும் அவற்றைக் களையும் முறையும்

காலபோக விதைப்பு முடிந்து, அடிக்கட்டுப் பசளை இட்டாகி, மேற்கட்டுப் பசளைக்கு நாட் குறித்தாயிற்று. அயல் வயற்காரருக்கு மானியப் பணம் வங்கியில் வைப்பிலிடப்பட்டிருக்க, ஒரு கமக்காரருக்கு மாத்திரம் அது வந்து சேரவில்லை. கமநல சேவை நிலையத்துக்குச் சென்று விசாரித்தால், கைப்பட எழுதிய பதிவேட்டில் அவர் பெயர் உண்டு. நிலையத்தின் கணினியிலுள்ள விரிதாளிலும் உண்டு. மேலிடத்துக்குச் சென்ற தரவுத்தளத்திலோ அவருடைய அடையாள அட்டை இலக்கம் இருக்கவேண்டிய இடம் வெறுமையாய்க் கிடக்கின்றது. இலக்கமில்லாதவருக்குப் பணம் அனுப்ப எந்த முறையும் இடங்கொடாது.

இத்தகைய முறைப்பாடுகள் வரும்போது, கமக்காரர் விண்ணப்பத்தைச் சரிவர நிரப்பவில்லை என்றோ, உத்தியோகத்தர் கவனியாது விட்டார் என்றோ எண்ணுதல் இயல்பு. பெரும்பாலும் இருவர்மீதும் குற்றமில்லை. விரிதாளிலிருந்து தரவுத்தளத்துக்குத் தரவுகள் ஏற்றப்படும் அந்தச் சில நிமிடங்களிலேயே பிழை நிகழ்கின்றது. அது எவ்வாறு நிகழ்கின்றதென அறிந்தோர் அதனைத் தடுத்துவிடலாம்.

வன்னி நிலத்தில் இப்பதிவேடுகளுக்குத் தனி மதிப்புண்டு. 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டந் தொட்டு, 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் வரை, எந்த வயலை எவர் செய்கின்றார் என்பதற்குப் பதிவேடே சான்றாக வைத்துப் போற்றப்பட்டு வந்துள்ளது. 2008, 2009 ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டத்தார் பலர் உறுதியையும் அனுமதிப்பத்திரத்தையும் அடையாள அட்டையையும் இழந்தனர். மீளக்குடியேறிய பின்னர் ஒவ்வொன்றாகத் திரட்டிப் பதிவு செய்த விவரம், கணினியில் ஏறும் வேளையில் மீண்டும் ஒருமுறை தொலைந்துபோதல் எவ்வகையாலும் தகாது.

பணத்தின் அளவும் சிறிதன்று. 2024/25 காலபோகத்தில் நெற்செய்கைக்கு ஹெக்டயர் ஒன்றுக்கு 25,000 ரூபா வீதம், 2 ஹெக்டயர் வரை பசளை மானியம் வழங்கப்பட்டது.

அடையாள அட்டை இலக்கம்

பிழைகளுள் மிகுதியானவை இந்நிரலிலேயே காணப்படும். ஆதலால் இதனைச் சற்று விரிவாக ஆராய்தல் வேண்டும்.

பழைய தேசிய அடையாள அட்டையில் ஒன்பது இலக்கங்களும், அவற்றின் இறுதியில் ‘வீ’ அல்லது ‘எக்ஸ்’ என்னும் ஆங்கில எழுத்தும் உள்ளன. 2016 ஆம் ஆண்டு முதல் வழங்கப்படும் அட்டையில் எழுத்தின்றிப் பன்னிரண்டு இலக்கங்கள் மட்டுமே உள்ளன. தந்தையார் பழைய அட்டையும் மகன் புதிய அட்டையும் வைத்திருக்கும் இல்லங்கள் பல. ஆகவே எந்த ஊர்ப் பட்டியலிலும் இருவகையும் கலந்தே வரும்.

விரிதாள் மென்பொருள் ‘வீ’ சேர்ந்த இலக்கத்தை எழுத்தாகக் கொள்ளும். பன்னிரண்டு இலக்கத்தை எண்ணாகக் கொள்ளும். பார்வைக்கு இரண்டும் ஒரே நிரலில் ஒழுங்காகத்தான் இருக்கும். பழையவை கலத்தின் இடப்புறம் ஒட்டியும், புதியவை வலப்புறம் ஒட்டியும் நிற்பதைக் கூர்ந்து நோக்குவோர் காணலாம். அதுவே முதலாவது எச்சரிக்கை. எக்செல் தாளைத் தரவுத்தளத்துக்கு வாசித்துக் கொடுக்கும் மைக்ரோசொப்ட் இணைப்பு மென்பொருள், ஒரு நிரலில் இருப்பது எண்ணா எழுத்தா என்பதை வழமையாக முதல் எட்டு நிரைகளைப் பார்த்தே தீர்மானிக்கின்றது. அவ்வெட்டில் எண்கள் மிகுதியாயின் முழு நிரலும் எண்ணெனக் கொள்ளப்படும். அதன்பின் நூறாவது நிரையிலோ இருநூறாவது நிரையிலோ வரும் ‘வீ’ இலக்கம் எண்ணாகாமையால் வெறுமையாக்கப்படும். பிழையென ஓர் அறிவித்தலும் தோன்றாமல் இது நிகழக்கூடும். முதல் எட்டுப் பேரும் இளைஞராக அமைந்த பட்டியலில் முதியோரின் இலக்கங்கள் மறைந்துபோவது இக்காரணத்தாலேயே. பெயரை அகர வரிசைப்படுத்தி மறுமுறை ஏற்றினால் வேறு சிலரின் இலக்கங்கள் மறையும். அல்லது தற்செயலாக எல்லாம் சரியாக ஏறிவிடும். ‘நேற்றுச் சரியாக இருந்தது, இன்று எவ்வாறு பிழைத்தது’ என்னும் வியப்புக்கு விடை இதுவாகும்.

இரண்டாவது கேடு புதிய இலக்கத்துக்கு நேர்வது. எக்செல் தாளின் பொது வடிவமைப்பில் பன்னிரண்டு இலக்க எண் முழுமையாகக் காட்டப்படாது. எடுத்துக்காட்டாக 198540001234 என்னும் இலக்கத்தைக் கொள்வோம். (ஆண்டில் நானூறாவது நாள் என ஒன்றில்லையாதலால் இது எவருக்கும் உரிய இலக்கமன்று.) திரையில் அது 1.9854ஈ+11 எனத் தோன்றும். உள்ளே முழு எண்ணும் இருக்கின்றதென்று ஆறுதல் கொள்ளலாம். ஆயின் அத்தாளைக் காற்புள்ளி பிரித்த பாடக் கோப்பாகச் சேமித்தால், திரையிற் தோன்றியவாறே கோப்பில் எழுதப்படும். அக்கோப்பைத் திறக்கும்போது 198540000000 என்றாகிவிடும். கடைசி நான்கு இலக்கங்கள் போயின. இனி எம்முறையாலும் மீளா. அதே ஆண்டில் அதே நாளிற் பிறந்தோர் அனைவரும் ஒரே இலக்கத்தினராகி, ஒருவர் தவிர ஏனையோர் ‘இரட்டைப் பதிவு’ என விலக்கப்படவுங் கூடும்.

இதற்குப் பரிகாரம் தட்டச்சிடு முன்னரே செய்யப்படல் வேண்டும். வெறுந்தாளில் அந்நிரலை முழுவதுந் தெரிந்து, அதன் வடிவமைப்பை ‘எழுத்து’ என மாற்றிய பின்னரே இலக்கங்களை இடுக. இட்டபின் வடிவமைப்பை மாற்றினால், முன்னர் எண்ணாக ஏறியவை எண்ணாகவே நிற்கும். அவற்றை மறுபடி இடவேண்டும். ஏற்கெனவே எண்ணாக இட்ட தாள் கைக்கு வந்துவிட்டதெனில், தசமமில்லாத முழு எண் வடிவமைப்பைக் கொடுத்து, பன்னிரண்டு இலக்கமும் திரையில் தோன்றுவதைக் கண்டபின் சேமிக்கலாம். வங்கிக் கணக்கிலக்கத்துக்கும் இதே கவனம் வேண்டும். முன்னால் நிற்கும் பூச்சியம் எண்ணெனக் கொள்ளப்பட்டால் உதிர்ந்துவிடும். பதினைந்துக்கு மேற்பட்ட இலக்கங்கள் பூச்சியமாக மாற்றப்படும். கூட்டவும் பெருக்கவும் பயன்படாத இலக்கம் எதுவாயினும் அதனை எழுத்தாகவே கொள்ளுதல் நன்று. கணக்கிலக்கங்களை எவரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

பழைய இலக்கத்தையும் புதிய இலக்கத்தையும் ஒப்புநோக்க வழியுண்டு. பழைய இலக்கத்தின் முதலிரண்டு எண்களின் முன் 19 சேர்த்து, அடுத்த மூன்று நாளெண்களை அவ்வாறே வைத்து, அதன்பின் ஒரு பூச்சியம் இட்டு, எஞ்சிய நான்கையும் எழுதி, எழுத்தை நீக்கினால் புதிய வடிவம் கிடைக்கும். மேற்காட்டிய இலக்கத்தின் பழைய வடிவம் 854001234வீ என்பதாகும். அட்டை மாற்றிய ஒருவர் இரண்டு பருவங்களில் இரண்டு பேராகப் பதிவாகியிருந்தால் இதனாற் கண்டுகொள்ளலாம். நாளெண் ஆணுக்கு 1 முதல் 366 வரையும், பெண்ணுக்கு 500 கூட்டி 501 முதல் 866 வரையும் இருத்தல் வேண்டும். இவ்வெல்லைக்குள் அடங்காதது தட்டச்சுப் பிழையெனத் துணியலாம். ஆயினும் அட்டையிற் கண்ட இலக்கத்தை அழித்து எழுதாது, மாற்றிய வடிவத்தை வேறொரு நிரலில் வைத்தலே முறை.

எழுத்துருவால் வரும் கேடு

அலுவலகங்களிற் தமிழ்ப் பெயர்கள் நெடுங்காலம் பாமினி எழுத்துருவிலேயே தட்டச்சிடப்பட்டன. பழைய தாள்கள் இன்றும் அவ்வாறே உள்ளன. பாமினியில் ‘க’ எனத் தெரிவது கணினிக்குள் ‘எஃப்’ என்னும் ஆங்கில எழுத்தே. எழுத்துரு என்னும் போர்வை அதனைத் தமிழாகக் காட்டுகின்றது. தரவுத்தளத்திற் போர்வை இல்லை. ஆதலாற் பெயர்கள் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவைகளாகத் தோன்றும். அஞ்ச வேண்டியதில்லை, எழுத்துகள் அழியவில்லை. ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகொண்டு மாற்றிவிடலாம்.

மாற்றும்போது முழுத்தாளையும் ஒருசேர மாற்றுதல் பெருந்தவறு. பாமினியில் ‘வீ’ என்னும் பெரிய ஆங்கில எழுத்து ‘ஏ’ ஆகும். ‘எக்ஸ்’ என்னும் பெரிய எழுத்து ‘ஓ’ ஆகும். முழுத்தாளையும் மாற்றினால் அடையாள அட்டை இலக்கங்களின் இறுதியில் ஏகாரமும் ஓகாரமும் வந்து நிற்கும். எந்தெந்த நிரல் பாமினியில் உள்ளதோ அதனை மாத்திரமே மாற்றுக.

ஒருங்குறித் தமிழை, காற்புள்ளி பிரித்த கோப்பாகச் சேமிக்கும்போது, ‘யூ.ரீ.எஃப்-8’ எனக் குறித்த வகையையே தெரிதல் வேண்டும். மற்ற வகையிற் சேமித்தால் ஒவ்வோர் எழுத்தும் வினாக்குறியாகும். பாமினிக் கேட்டுக்கு மருந்துண்டு, வினாக்குறிக்கு மருந்தில்லை. மூலத்தாள் கைவசமிருந்தாலே தப்பலாம்.

இன்னுமொரு நுட்பம். ‘கொ’ என்னும் எழுத்தை ஒருங்குறியில் இரண்டு வழியில் எழுதலாம்: ஒகரக் குறியை ஒன்றாக இடலாம், ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியே இடலாம். கண்ணுக்கு வேறுபாடு இல்லை. தரவுத்தளமோ இரண்டையும் வெவ்வேறு சொற்களாகக் கொள்ளக்கூடும். ‘கௌ’ என்பதற்குக் கொம்போடு ளகரத்தைச் சேர்த்து இடுவோரும் உளர். இக்காரணங்களால் பெயரை ஆளறியும் சாவியாகக் கொள்ளுதல் கூடாது. ‘க. கந்தசாமி’, ‘கந்தையா கந்தசாமி’, ‘கந்தசாமி க.’ என மூன்று பட்டியலில் மூன்று விதமாக ஒருவரே வருதலும், ஒரே பெயரில் ஓர் ஊரில் மூவர் இருத்தலும் வன்னியில் எவரும் அறிந்தவை.

ஊர்ப்பெயரும் அவ்வாறே. மாந்தை கிழக்கு முல்லைத்தீவைச் சேர்ந்தது, மாந்தை மேற்கு மன்னாரைச் சேர்ந்தது. ‘மாந்தை’ என மட்டும் எழுதிய நிரை எந்த மாவட்டத்துக்குப் போகும்? புதுக்குளம், பெரியகுளம் என்னும் பெயர்களோ எண்ணிலடங்கா. பிரதேச செயலகப் பிரிவையும் கிராம அலுவலர் பிரிவு இலக்கத்தையும் சேர்த்து எழுதினாலன்றி இடம் துணியப்படாது.

பரப்பளவும் காணித்துண்டும்

நில அளவைப் படத்தில் பரப்பளவு ஏக்கர், றூட், பேர்ச் என மூன்றாகக் குறிக்கப்படும். இரண்டு ஏக்கர், ஒரு றூட், இருபது பேர்ச் என்பதை 2-1-20 எனச் சுருக்கி எழுதுதல் வழக்கம். இதனை அவ்வாறே விரிதாளில் இட்டால் மென்பொருள் அதனைத் திகதியென்று கொள்ளும். நாளை முன்வைக்கும் கணினியில் அது 2020 ஜனவரி 2 ஆகும். எக்செல், திகதிகளை 1900 ஜனவரி 1 முதல் எண்ணிவரும் நாட்கணக்காகவே உள்ளே வைத்திருக்கின்றது. அந்நாளின் எண் 43832. தரவுத்தளத்தின் பரப்பளவுப் புலம் எண்ணை மட்டும் ஏற்பதாயின், அக்கமக்காரருக்கு 43,832 ஏக்கர் வயல் உண்டாகிவிடும். இரணைமடுவின் கீழுள்ள முழு வயலும் ஒருவர்க்கே போதாத கணக்கு!

இத்தகைய பெரும்பிழை எவர் கண்ணிலும் படும்; ஆதலால் அதனால் வருந் தீங்கு குறைவு. ஏக்கரை ஹெக்டயராகக் கொள்ளும் சிறுபிழையே ஆபத்தானது. இரண்டு ஏக்கர் என்பது 0.81 ஹெக்டயர். மேற்கூறிய வீதப்படி அதற்குரியது ஏறக்குறைய 20,200 ரூபா. அலகு குறியாத நிரலில் ‘2’ என்றிருப்பதை ஹெக்டயராகக் கொண்டால் 50,000 ரூபா ஆகும். மிகுதியாகப் பெற்ற பணம் பின்னர் மீளக் கேட்கப்படும்போது கமக்காரரே இடர்ப்படுவர். குடாநாட்டிலிருந்து வந்து காணி செய்வோர் பரப்புக் கணக்கிற் சொல்லுவதும் உண்டு. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். நாற்பது றூட்டுப் பேர்ச் ஒரு றூட்டும், நான்கு றூட் ஓர் ஏக்கரும் ஆதலால், மேற்கண்ட 2-1-20 என்பது 2.375 ஏக்கர், அல்லது 0.961 ஹெக்டயர் ஆகும். ஏக்கருக்கு ஒரு நிரல், றூட்டுக்கு ஒரு நிரல், பேர்ச்சுக்கு ஒரு நிரல் என மூன்று வைத்து, மாற்றுக்கணக்கைக் கணினியிடமே விடுதல் நன்று. நிரலின் தலைப்பிலேயே அலகை எழுதுக.

காணித்துண்டு இலக்கம் 3/5 என்பதும் இவ்வாறே மே 3 எனத் திரியும். விதைப்புத் திகதியிலோ வேறொரு சிக்கல். 05/11/2024 என்பது நம் வழக்கில் நவம்பர் 5. மாதத்தை முன்வைக்கும் கணினியில் மே 11. 13 முதல் 31 வரையுள்ள நாட்களுக்குப் பதின்மூன்றாம் மாதம் என ஒன்றில்லாமையால், அவை திகதியாகாது எழுத்தாகவே நிற்கும். ஒரே நிரலிற் சில தலைகீழாகவும் சில எழுத்தாகவும் கிடந்தால் காரணம் இதுவே. 2024-11-05 என ஆண்டை முன்வைத்து எழுதும் முறையில் இக்குழப்பம் எழாது.

திகதிபோலத் தோன்றும் சொற்களாற் பேரறிஞரும் அல்லற்பட்டுள்ளனர். மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் சர்வதேசக் குழு, ‘மார்ச்’, ‘செப்ட்’ எனத் தொடங்கும் சில மரபணுப் பெயர்களை எக்செல் திகதியாக மாற்றிவிடுவதைக் கண்டு, 2020 ஆம் ஆண்டில் அப்பெயர்களையே மாற்றி அறிவித்தது.

தாளின் அமைப்பு

மனிதர் வாசிப்பதற்கெனத் தயாரித்த தாள் வேறு. கணினி வாசிப்பதற்குரிய தாள் வேறு. மேலே நிலையத்தின் பெயரும் போகமும் மூன்று நிரைகளில் எழுதி, கலங்களை ஒன்றிணைத்து, அழகாகக் கோடிட்டு அனுப்பப்படும் தாள்கள் ஏற்றும்போது தடுமாறும். கீழே ‘மொத்தம்’ என்று கூட்டி எழுதிய நிரையும் ஒரு கமக்காரராகவே பதிவாகும். ஊரிலேயே அதிக வயலுடையவர் அவராகத்தான் இருப்பார். ஊர்ப்பெயரை முதல் நிரையில் எழுதிக் கீழே ‘மேற்படி’ என இட்டுச் செல்லும் பழைய வழக்கமும் ஆகாது. தாளை வேறோர் ஒழுங்கில் வரிசைப்படுத்திய கணத்தில் ‘மேற்படி’ எந்த ஊரைக் குறிக்கின்றதென எவராலும் சொல்ல இயலாது. முதல் நிரையில் தலைப்பு, அதன்கீழ் ஒவ்வொரு நிரைக்கும் முழு விவரம், வேறொன்றும் இல்லை என்பதே முறை. நெல்லினத்தின் பெயரையும் ஒரே விதமாக எழுதுக. ‘பீ.ஜீ. 352’, ‘பீஜீ352’, ‘பீ.ஜீ-352’ என்பன தரவுத்தளத்துக்கு மூன்று இனங்களாம்.

ஒருவருக்குப் பல துண்டுக் காணிகள் இருக்கலாம். சிறுபோகத்திற் குளத்து நீரின் அளவைக்கொண்டு விதைப்பு வரையறுக்கப்படும்போது, ஒருவர் காணியில் மற்றொருவர் விதைத்தலும் நிகழும். எனவே கமக்காரருக்கு ஓர் அட்டவணை, காணித்துண்டுக்கு ஓர் அட்டவணை, இன்ன போகத்தில் இன்ன துண்டை இன்னார் விதைத்தார் என்பதற்கு மூன்றாவது அட்டவணை என வகுத்தல் வேண்டும். இவ்வாறு வகுக்காது, அடையாள அட்டை இலக்கத்தையே ஒரே அட்டவணையின் முதன்மைச் சாவியாக வைத்தால், ஒருவரின் இரண்டாவது காணி ‘ஏற்கெனவே உள்ளது’ எனத் தள்ளப்படும்.

ஏற்றும் ஒழுங்கு

மூலத்தாளைத் தொடாது வேறாக வைத்து, அதன் பிரதியிலேயே வேலை செய்க. பிரதியை நேரே இறுதி அட்டவணையில் ஏற்றாது, எல்லாப் புலங்களும் எழுத்தாக அமைந்த இடைநிலை அட்டவணை ஒன்றில் முதலில் ஏற்றுக. எழுத்துப் புலம் எதனையும் மறுக்காது. ஆதலால் ஒன்றும் மறையாது. நாற்றை மேடையில் வளர்த்துத் தேர்ந்து பிடுங்கியபின் நடுவது போன்றது இது. அங்கே வைத்தே, அடையாள அட்டை இலக்கத்தின் நீளம் பத்தும் பன்னிரண்டும் அல்லாதவை எவை, பரப்பளவு எண்ணாகாதவை எவை, இரட்டித்தவை எவை எனத் தேடி எடுக்கலாம். தேறியவற்றை இறுதி அட்டவணைக்கு மாற்றி, தேறாதவற்றைக் காரணத்தோடு தனிப்பட்டியலாக வைக்கவும். கோப்பைச் சோதிப்பதற்கு அதனை எக்செல்லில் இருமுறை சொடுக்கித் திறத்தல் கூடாது. திறந்த கணத்திலேயே முன் சொன்ன மாற்றங்கள் நிகழும். சாதாரணக் குறிப்பேட்டு மென்பொருளிற் திறந்து பார்க்கலாம். முகவரிகளின் நடுவே வருங் காற்புள்ளியால் நிரல்கள் ஓரிடம் தள்ளிப் போயிருப்பின் அங்கே தெரிந்துவிடும்.

எண்ணிக்கையை ஒப்பிடுதல் தவிர்க்கலாகாத வேலை. இங்கிலாந்தில் 2020 ஆம் ஆண்டு செப்டெம்பர் 25 முதல் ஒக்டோபர் 2 வரை, கொரோனாத் தொற்றுக் கண்ட 15,841 பேரின் விவரம் நாளாந்தக் கணக்கில் விடுபட்டுப் போயிற்று. பழைய வகை எக்செல் கோப்பு 65,536 நிரைகளுக்கு மேற் கொள்ளாது. மிகுந்தவை சேராமற் போயின. பெருஞ் செல்வமும் வல்லுநரும் உள்ள நாட்டிலும், அனுப்பிய நிரை எத்தனை, ஏறிய நிரை எத்தனை என்று ஒப்பிடாமையால் நேர்ந்தது அது. ஒரு கமநல சேவை நிலையத்தின் பட்டியல் அந்த எல்லையை எட்டாது. எனினும் பல நிலையங்களின் பல போகப் பட்டியல்களைப் பழைய வகைக் கோப்பு ஒன்றில் ஒட்டிச் சேர்ப்போர் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

ஒப்பிடுவதற்குச் சிறு துண்டுத் தாள் போதும். ஏற்றுமுன் நிரைகள் எத்தனை, பரப்பளவின் கூட்டுத்தொகை எவ்வளவு, அடையாள அட்டை இலக்கம் வெறுமையாயுள்ளவை எத்தனை எனக் குறித்துக்கொள்க. ஏற்றியபின் அவற்றையே தரவுத்தளத்திற் கேட்டுப் பக்கத்தில் எழுதுக. எடுத்துக்காட்டாக, 214 நிரைகள் அனுப்பி, 206 ஏறி, 8 தேறாப் பட்டியலில் நின்றால் கணக்குச் சரி. 206 ஏறி 5 மட்டுமே தேறாப் பட்டியலில் இருந்தால், மூவரைக் காணவில்லை. அவர்களைக் கண்டுபிடிக்குமட்டும் மேலிடத்துக்கு அனுப்பாது நிறுத்தி வைக்கவும்.

தேறாத பட்டியலைத் திருத்துவதற்கு ஊகம் உதவாது. உதிர்ந்த இலக்கத்தை ஊகித்து இட்டால் அது வேறொருவருக்கு உரியதாகலாம். கைப்பட எழுதிய பதிவேட்டைப் பார்க்க. அதிலும் தெளிவில்லையேல், கமக்காரர் அமைப்பின் செயலாளர் மூலம் உரியவரை அடையாள அட்டையோடும் வங்கிப் புத்தகத்தோடும் வரச் சொல்லுக. அவருடைய பெயரும் இலக்கமும் பரப்பளவும் தரவுத்தளத்தில் உள்ளவாறே அச்சிட்ட சீட்டு ஒன்றை அவரிடம் வாசித்துக் காட்டி, சரியெனக் கையொப்பம் பெற்றுக் கோப்பில் இடவும். பணப்பட்டியல் மூடுவதற்கு இரண்டு வாரத்துக்கு முன்னரே இவ்வேலையைத் தொடங்கினால், உள்ளூர்க் குளக்கட்டு வழியே பஸ் இல்லாத ஊரிலிருப்போரும் வந்து சேர அவகாசம் இருக்கும்.